வீட்டு எச்.ஆர்.வி. மெஷின்: எந்த அளவு பொருந்தும், எந்த அளவு வீண்

எச்.ஆர்.வி., அதாவது வெளியே போகும் காற்றின் சூட்டை மீட்டு உள்ளே வரும் காற்றுக்குக் கொடுக்கும் காற்றோட்ட மெஷின், வாங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது கம்பெனிப் பெயரை. முதலில் விசாரிக்க வேண்டியது அளவை. பேர்பெற்ற கம்பெனியின் மெஷினாகவே இருந்தாலும், அளவு தப்பினால் இரவெல்லாம் இரையும், கரண்டைக் குடிக்கும், குளிர்காலத்தில் தொண்டையை வறட்டும். அளவு சரியாக அமைந்த சாதாரண மெஷின் வீட்டில் இருக்கிற இடமே தெரியாமல் ஓடும். அதனால் இந்த மதிப்பாய்வில் ஒரு குறிப்பிட்ட மாடலை எடுத்துக்கொள்ளவில்லை. மணிக்கு 150 கன மீட்டரில் தொடங்கி 600 வரை கிடைக்கும் அளவு வகுப்புகளையே எடுத்துக்கொள்கிறோம். இனி இந்தக் கட்டுரையில் காற்றளவாகக் "கன மீட்டர்" என்று வருவதெல்லாம் மணிக்கு இத்தனை கன மீட்டர் காற்று என்ற கணக்கு. அட்டவணையில் வினாடிக்கு லிட்டர் என்று போட்டிருந்தால் 3.6-ஆல் பெருக்குங்கள். சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) என்றிருந்தால் 1.7-ஆல்.

மெஷினின் வேலை எளிமையானது. சமையலறை, குளியலறை, கழிவறையிலிருந்து ஒரு ஃபேன் பழைய காற்றை இழுத்து வெளியே தள்ளுகிறது. இன்னொரு ஃபேன் வெளிக்காற்றைப் படுக்கையறைகளுக்கும் கூடத்துக்கும் அனுப்புகிறது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காமல், வெப்பமாற்றி எனப்படும் பகுதியில் மெல்லிய தகடுகளின் இரு பக்கமாக ஓடும்போது, போகிற காற்றின் சூடு வருகிற காற்றுக்கு மாறுகிறது.

பெட்டியின் மேல் எழுதிய எண்

ஜெண்டர் கம்பெனியின் கம்ஃபோஏர் க்யூ வரிசையில் 350, 450, 600 என்று மாடல்கள் உண்டு. பிரிங்க் ஃபிளேர் வரிசையில் 325, 400 என்று உண்டு. பெயரில் இருக்கும் இந்த எண், மெஷின் முழு மூச்சில் ஓடினால் தள்ளக்கூடிய காற்றின் அளவு. அன்றாடம் ஓட வேண்டிய அளவு அதுவல்ல. முதல் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. "என் வீட்டுக்கு 200 வேண்டும், 200 மெஷின் வாங்கிவிட்டேன்" என்பவர், வாங்கிய நாளிலிருந்து மெஷினை முழு வேகத்தில் ஓட்டுகிறார்.

இன்னொரு விஷயம், அந்த எண் எந்த அழுத்தத்தில் எடுத்தது என்பது. டக்ட் (காற்றுக்குழாய்) எதுவும் மாட்டாமல் சும்மா ஊதவிட்டால் எந்த மெஷினும் பெரிய எண் காட்டும். ஐரோப்பிய எனர்ஜி லேபிள் விதியில் டக்ட் மாட்டும் வீட்டு மெஷின்களின் உச்ச அளவு 100 பாஸ்கல் வெளி அழுத்தத்தில் (டக்ட் கொடுக்கும் எதிர்ப்பு) சொல்லப்பட வேண்டும். சூட்டை மீட்கும் திறனும் கரண்ட் செலவும் உச்சத்தில் 70 சதவீதம், 50 பாஸ்கல் என்ற புள்ளியில் அளக்கப்படுகின்றன. ஒப்பிடுவதற்கு இதுவே நல்ல தளம். அழுத்தம் குறிப்பிடாமல் காற்றளவு மட்டும் அச்சிட்ட துண்டறிக்கையை மடித்து வைத்துவிட்டு, எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்று என்று காட்டும் ஃபேன் வளைகோட்டுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம்.

"240 சதுர மீட்டர் வரை" என்று தரைப்பரப்பை வைத்துச் சொல்லும் விளம்பர வரியையும் நம்ப வேண்டாம். தரை மூச்சு விடுவதில்லை. அந்த வீட்டில் எத்தனை பேர் தூங்குகிறார்கள், எத்தனை குளியலறை என்பதே அளவைத் தீர்மானிக்கிறது.

உங்கள் வீட்டுக்கு எவ்வளவு காற்று

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 120 சதுர மீட்டர் தரை, 2.5 மீட்டர் உயரம், அதாவது 300 கன மீட்டர் கொள்ளளவு. மூன்று படுக்கையறை, நான்கு பேர். சமையலறை ஒன்று, குளியலறை இரண்டு, தனிக் கழிவறை ஒன்று, துணி துவைக்கும் அறை ஒன்று.

முதல் கணக்கு ஆட்களை வைத்து. பாஸிவ் ஹவுஸ் (மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் வீட்டுக்கான தரம்) முறையில் ஆளுக்கு 30 கன மீட்டர், ஆக 120. இரண்டாவது கணக்கு ஈர அறைகளை வைத்து. அதே முறையில் சமையலறைக்கு 60, குளியலறைக்கு 40, கழிவறைக்கு 20. துவைக்கும் அறைக்கும் 20 போட்டால், 60, 80, 20, 20 சேர்ந்து 180. இது பூஸ்ட் அளவு, அதாவது சமைக்கும்போதும் குளிக்கும்போதும் தேவைப்படுவது. அன்றாட அளவு இதை 1.3-ஆல் வகுத்தால் வரும் 138-ஐ ஒட்டி இருக்கும்.

மற்ற விதிகளோடு இதைச் சரிபார்க்கலாம். அமெரிக்காவின் ஆஷ்ரே 62.2 காற்றோட்டத் தரம் சொல்வது, சதுர மீட்டருக்கு வினாடிக்கு 0.15 லிட்டர், அதோடு படுக்கையறை எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி ஒவ்வொன்றுக்கும் 3.5 லிட்டர். நம் வீட்டுக்கு 18, 14 சேர்ந்து 32 லிட்டர், அதாவது 115 கன மீட்டர். இங்கிலாந்தின் பார்ட் எஃப் கட்டட விதியில் சதுர மீட்டருக்கு 0.3 லிட்டர் கணக்கில் 36 லிட்டர், அதாவது 130 கன மீட்டர். மூன்று முறைக் கணக்கும் 115-க்கும் 140-க்கும் நடுவில் வந்து நிற்பதைக் கவனியுங்கள். இந்த வீட்டுக்கு அன்றாடம் 130, பூஸ்ட் 180 என்று எழுதிக்கொள்ளலாம். உங்கள் ஊரில் கட்டட விதி இருந்தால் அதன் எண்ணே கீழ் எல்லை.

இந்த 130-ஐ அறைகளுக்குப் பிரித்தும் பார்க்க வேண்டும். பெரிய படுக்கையறைக்கு 40, மற்ற இரண்டுக்கும் 25, கூடத்துக்கு 40. பெரிய அறைக்கு ஏன் 40? தூங்கும் இரண்டு பேர் மணிக்கு ஏறத்தாழ 25 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுகிறார்கள். 40 கன மீட்டர் காற்று வந்தால் அறைக்குள் அதன் அளவு வெளியைவிட 625 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) கூடும். வெளியே 420 என்று வைத்தால் 1,050 பக்கம் நிற்கும். அதே அறைக்கு 20 மட்டும் கொடுத்தால் 1,670 வரை ஏறும். காலையில் தலை கனக்கும் அறை இதுதான். மொத்த எண் சரியாக இருந்தும் பிரிப்பு தவறினால் பெரிய மெஷின் வாங்கியும் பயனில்லை.

கூட வாங்கினால் என்ன நஷ்டம்?

"எதற்கும் பெரிதாகவே இருக்கட்டும்" என்று சொல்பவர்கள் நிறைய. இதில் பாதி உண்மை இருக்கிறது. பெரிய மெஷின் மெதுவாக ஓடும்போது அமைதியாக இருக்கும், சூட்டையும் இன்னும் நன்றாக மீட்கும். சிக்கல் அதன் கீழ் எல்லையில் இருக்கிறது. ஒவ்வொரு மெஷினுக்கும் இதற்குக் கீழே ஓடாது என்று ஓர் அளவு உண்டு. 600 மெஷின் ஒன்றின் கீழ் எல்லை உச்சத்தில் 20 சதவீதம் என்றால் அது 120. நம் வீட்டின் அன்றாட அளவே 130. எல்லோரும் வெளியூர் போனபோது 70-க்கு இறக்க வேண்டிய இடத்தில் அது இறங்காது.

குளிர்நாட்டு வீடுகளில் இதன் விலையை மூக்கும் தோலும் கொடுக்கின்றன. வெளியே 0 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்றால் ஒரு கிலோ காற்றில் ஏறத்தாழ 3 கிராம் நீராவிதான் இருக்கும். அதை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குச் சரியும். வீட்டில் சமையல், குளியல், மூச்சு எல்லாம் சேர்ந்து நாளுக்கு 8 லிட்டர் நீரைக் காற்றில் சேர்க்கின்றன என்று வைப்போம். 130 கன மீட்டர் ஓடினால் அது கிலோவுக்கு 2 கிராமுக்குச் சற்றுமேல் ஏற்றி, ஈரப்பதத்தை 33 சதவீதம் பக்கம் கொண்டுவரும். 250 ஓடினால் 26 சதவீதம்தான். உதடு வெடிப்பதும், மரத்தரை இடுக்கு விடுவதும் இந்த வித்தியாசத்தில் நடப்பவை. வறட்சி என்று புகார் வந்தால் ஈரமூட்டி வாங்குவதற்கு முன் காற்றளவை அளந்து பாருங்கள். பெரும்பாலும் அது தேவைக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்.

குறைவாக வாங்கினால் வரும் நஷ்டம் இதைவிடக் கூர்மையானது. ஒரே டக்ட்டில் காற்றைக் கூட்டினால், எதிர்ப்பு காற்றளவின் இரண்டாம் மடியிலும் ஃபேன் இழுக்கும் கரண்ட் அதன் மூன்றாம் மடியிலும் ஏறும். நம் வீட்டில் 130-க்கு 60 பாஸ்கல் தேவைப்பட்டால் 180-க்கு 115 பாஸ்கல் தேவை. கரண்ட் ஏறத்தாழ 2.65 மடங்கு. 200 என்று எழுதிய மெஷின் 100 பாஸ்கலில்தான் 200 தரும். 115-இல் அதற்கும் குறைவு. அதாவது பூஸ்ட் போடும்போதெல்லாம் மெஷின் தன் எல்லையில் நின்று அலறும். இரண்டு வாரத்தில் வீட்டுக்காரர் பூஸ்ட்டை அணைத்துவிடுவார், குளியலறை மூலையில் பூஞ்சை பிடிக்கும்.

எங்கள் அளவுகோல் இது: உங்கள் டக்ட்டின் உண்மையான அழுத்தத்தில், அன்றாட அளவு மெஷினின் உச்சத்தில் 40 முதல் 60 சதவீதத்துக்குள் வர வேண்டும். பூஸ்ட் அளவு 75 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

வகுப்பு வகுப்பாக

150 முதல் 180 வரை உள்ளவை ஒன்று அல்லது இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீட்டுக்கானவை. இரண்டு பேர், ஒரு சமையலறை, ஒரு குளியலறை என்றால் பூஸ்ட் 100, அன்றாடம் 77. 150 மெஷினில் இது 67, 51 சதவீதம். கச்சிதம். இந்த வகுப்பில் பல, பொய்க்கூரைக்குள் படுக்கவைக்கும் தட்டையான மாடல்கள். இடம் மிச்சம் என்பது உண்மை. ஆனால் தட்டையாக்கினால் வெப்பமாற்றியின் பரப்பும் ஃபில்டரின் பரப்பும் சேர்ந்தே சுருங்கும். ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும், அடியிலுள்ள அறைக்கு இரைச்சல் நேராக இறங்கும். படுக்கையறைக்கு மேலே தொங்கவிடாதீர்கள். நடைபாதைக்கு மேலே இடமிருந்தால் அங்கே வையுங்கள். ஃபில்டர் கதவைத் திறக்கக் கூரையில் அணுகுதுளை விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். விடாமல் மூடிய கூரையை முதல் ஃபில்டர் மாற்றும்போதே உடைக்க வேண்டிவரும்.

200 முதல் 250 வரை உள்ள வகுப்பில் 250-ஐ மட்டும் பரிந்துரைக்கிறோம். நம் உதாரண வீட்டில் 250 மெஷின் அன்றாடம் 52 சதவீதத்திலும், பூஸ்ட்டில் 72 சதவீதத்திலும் ஓடும். 200 மெஷினில் இதே அளவுகள் 65, 90. காகிதத்தில் பார்த்தால் "போதும்" என்று தோன்றும், காதில் கேட்டால் போதாது. டக்ட் நீளமாக இருந்தாலும், ஃபில்டர் பாதி அடைத்தாலும் இந்த 90 எளிதில் நூறைத் தொடும்.

300 முதல் 350 வரை: மூன்று, நான்கு படுக்கையறை வீடுகளுக்கு நாங்கள் முதலில் கைவைக்கும் வகுப்பு. நான்கு படுக்கையறை, ஐந்து பேர், மூன்று குளியலறை, மற்ற ஈர அறைகள் அதேபோல் உள்ள வீட்டில் பூஸ்ட் 220, அன்றாடம் 170 என்று வரும். 350 மெஷினில் 63, 49 சதவீதம். நம் மூன்று படுக்கையறை வீட்டுக்கே 350 போட்டாலும் அன்றாடம் 37 சதவீதம்தான் ஆகிறது. அளவுகோலுக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும், கீழ் எல்லை 60-70 கன மீட்டர் வரை இறங்கும் மாடலாக இருந்தால் தாராளமாக எடுக்கலாம். அடுத்த குழந்தைக்கும், பின்னால் சேர்க்கப் போகும் அறைக்கும் இடம் இருக்கும்.

400 முதல் 450 வரை உள்ளவை ஐந்து படுக்கையறை, ஆறேழு பேர் இருக்கும் வீட்டுக்கு. மூன்று மாடிக்கு டக்ட் ஏறும் வீட்டிலும் இதற்கு அர்த்தம் உண்டு. மற்றபடி, டக்ட்டைச் சிறிதாகப் போட்டுவிட்டு அதை ஈடுகட்ட இந்த வகுப்புக்கு ஏறுவது தவறான செலவு. மெஷினுக்கு மேலதிகமாகக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை டக்ட்டில் போட்டால் சின்ன மெஷினே போதும்.

600 மெஷினை வீட்டுக்கு அபூர்வமாகத்தான் பரிந்துரைப்போம். நீண்டு கிடக்கும் பெரிய வீடு என்றால், ஒரு 600-க்குப் பதில் முனைக்கு ஒன்றாக இரண்டு 300 வைப்பது நல்லது. டக்ட் தூரம் பாதியாகும். விருந்தினர் பகுதியைத் தனியாக இறக்கி வைக்கலாம். ஃபில்டர் செலவு இரட்டிப்பாகும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

டக்ட் இழுக்க வழியே இல்லாத பழைய வீட்டுக்குச் சுவரில் துளையிட்டு வைக்கும் ஜோடி மெஷின்கள் உண்டு. ஒன்று ஏறத்தாழ ஒரு நிமிடம் காற்றை வெளியே தள்ளி, உள்ளிருக்கும் பீங்கான் கட்டியைச் சூடாக்கும். பின் திசை மாறி அந்தச் சூட்டோடு காற்றை உள்ளே இழுக்கும். ஜோடியில் மற்றது எதிர்த்திசையில் ஓடும். இதன் அளவுக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. ஒரு மெஷினில் "30" என்று எழுதியிருந்தால், பாதி நேரம்தான் அது உள்ளே இழுக்கிறது. ஆகவே ஒரு ஜோடி முழுவதும் சேர்ந்துதான் 30 கன மீட்டர் புதுக்காற்று தரும், 60 அல்ல. இரண்டு பேர் தூங்கும் அறைக்கு ஒற்றை மெஷின் ஒருபோதும் போதாது.

டக்ட்டைப் பார்க்காமல் மெஷினைத் தேர்ந்தெடுக்க முடியாது

மெஷினிலிருந்து கிளம்பும் பிரதான டக்ட் 125 மி.மீ. என்றால், 180 கன மீட்டர் ஓடும்போது காற்று வினாடிக்கு 4.1 மீட்டர் வேகத்தில் போகும். 160 மி.மீ. என்றால் 2.5 மீட்டர். பிரதான டக்ட்டில் 3-ஐத் தாண்டினால் இரைச்சல் காதில் விழ ஆரம்பிக்கும் என்பது எங்கள் எல்லை. இந்த 35 மி.மீ. வித்தியாசம் ஒரு மீட்டருக்கான எதிர்ப்பை மூன்று மடங்குக்கு மேல் குறைக்கிறது, ஏனென்றால் அதே காற்றளவுக்கு உராய்வு விட்டத்தின் ஐந்தாம் மடியில் மாறுகிறது. விலை வித்தியாசம் அந்த அளவுக்கு இருக்காது.

கிளைகளுக்கு இப்போது பரவலாகப் போடுவது 75 மி.மீ. நெளிவுக் குழாய். பெயர்தான் 75, உள் விட்டம் 63 மி.மீ. போலத்தான் இருக்கும். ஒரு குழாயில் 25 கன மீட்டர் போனால் 2.2 மீட்டர் வேகம், பரவாயில்லை. பெரிய படுக்கையறையின் 40-ஐ ஒரே குழாயில் விட்டால் 3.6 மீட்டர், வால்வில் (அறையில் குழாய் திறக்கும் வாயில்) சீறும். அந்த அறைக்கு இரண்டு குழாய் கொடுங்கள், 1.8-க்கு இறங்கும். சமையலறைக்குப் பூஸ்ட்டில் 60 வேண்டும் என்பதால் அதற்கும் குறைந்தது இரண்டு. விலைப்புள்ளியில் எத்தனை குழாய் எந்த அறைக்கு என்று எழுதாமல் "டக்ட் வேலை, மொத்தம்" என்று ஒரே வரி இருந்தால், அந்த இரண்டாவது குழாய்தான் முதலில் காணாமல் போகும்.

இன்சுலேஷன் பை சுற்றிய தொளதொளத்த ஃப்ளெக்ஸ் குழாயை மெஷினுக்கும் பிரதான டக்ட்டுக்கும் நடுவே அரை மீட்டருக்கு மேல் விட வேண்டாம். சுருங்கிக் கிடக்கும் ஃப்ளெக்ஸ் நேரான தகரக் குழாயைவிடப் பல மடங்கு எதிர்ப்பைக் கொடுக்கும். மெஷினுக்கு அடுத்து, உள்ளே வரும் பக்கமும் இழுக்கும் பக்கமும் சைலன்சர் வைப்பது கட்டாயம். படுக்கையறையில் 25 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது பாஸிவ் ஹவுஸ் அளவு. சைலன்சர் இல்லாமல் அதை எட்டுவது அரிது.

கதவடியையும் மறக்கக் கூடாது. படுக்கையறைக்குள் வந்த காற்று குளியலறைக்குப் போக வழி வேண்டும். 760 மி.மீ. அகலக் கதவுக்கு 10 மி.மீ. இடைவெளி என்பது பார்ட் எஃப் சொல்லும் அளவு. 40 கன மீட்டர் போகும் அறைக்கு அதைவிடக் கூடுதலாக, 15 மி.மீ. பக்கம் விடுங்கள். கனத்த தரைவிரிப்பு போடுகிறவர்கள் விரிப்பின் மேலிருந்து அளக்க வேண்டும்.

சமையல் அடுப்புக்கு மேலே உள்ள புகைக்கூண்டை எச்.ஆர்.வி. டக்ட்டோடு சேர்ப்பது பெரும் தவறு. எண்ணெய்ப் பிசுக்கு வெப்பமாற்றியில் படிந்தால் கழுவி எடுப்பது கடினம், தீ ஆபத்தும் உண்டு.

சதவீதக் கணக்கை எப்படிப் படிப்பது

சூட்டை மீட்கும் திறன் 85 சதவீதம், 93 சதவீதம் என்று போடுகிறார்கள். நம் வீட்டில், உள்ளே 21, வெளியே 1 டிகிரி என்றால் 130 கன மீட்டர் காற்று எடுத்துச் செல்லும் சூடு 884 வாட். 85 சதவீத மெஷின் அதில் 133 வாட்டை மட்டும் இழக்கும், 75 சதவீத மெஷின் 221 வாட். வித்தியாசம் 88 வாட். இதை ஃபேன் கரண்டோடு சேர்த்துப் பாருங்கள். கன மீட்டருக்கு 0.45 வாட்-மணி எடுக்கும் மெஷின் 58 வாட்டில், ஆண்டு முழுக்க ஏறத்தாழ 510 யூனிட் எடுக்கும். 0.25 எடுக்கும் மெஷின் 285 யூனிட். குளிர்காலம் குறுகிய இடத்தில், திறன் சதவீதத்தைவிட இந்த ஃபேன் எண்ணே பில்லில் தெரியும். காற்றோட்டக் கருவிகளுக்குச் சான்றளிக்கும் வட அமெரிக்காவின் எச்.வி.ஐ. அமைப்பின் பட்டியலில் ஒரே மெஷினுக்கு இரண்டு திறன் எண் வரும். ஃபேன் சூட்டையும் கசிவையும் கழித்துச் சொல்லும் சிறிய எண்ணை வைத்து மெஷின்களை ஒப்பிடுங்கள்.

வீடே ஒழுகினால் இந்தக் கணக்கு எல்லாம் வீண். 50 பாஸ்கல் கசிவுச் சோதனையில் மணிக்கு 3 தடவை காற்று மாறும் வீடு என்றால், அதை 20-ஆல் வகுத்து வீட்டின் 300 கன மீட்டர் கொள்ளளவால் பெருக்கும் பழைய தோராயப்படி, சாதாரண நாளில் 45 கன மீட்டர் இடுக்குகள் வழியே போகிறது. 8 தடவை என்றால் 120, மெஷின் தள்ளும் அளவுக்குச் சமம். அத்தனையும் மீட்பில்லாமல் போகிற சூடு. அப்படிப்பட்ட வீட்டில் முதல் செலவு இடுக்கு அடைப்பதாக இருக்கட்டும்.

புழுக்கமான இடமா, உறைபனி இடமா

ஏ.சி. ஓடும் புழுக்கமான இடத்தில் வெறும் எச்.ஆர்.வி. போட வேண்டாம், ஈரத்தையும் மாற்றும் ஈ.ஆர்.வி. போடுங்கள். வெளியே 30 டிகிரி, 80 சதவீத ஈரம், உள்ளே 25 டிகிரி, 50 சதவீதம் என்றால், உள்ளே வரும் ஒவ்வொரு 100 கன மீட்டரும் மணிக்கு 1.3 லிட்டர் நீரை வீட்டுக்குள் கொண்டுவரும். அதை எடுக்க ஏ.சி.க்கு ஏறத்தாழ 0.9 கிலோவாட் குளிர்ச்சி வேண்டும். எச்.ஆர்.வி. இதில் ஒரு துளியையும் தடுக்காது. 60 சதவீத ஈரமீட்பு உள்ள ஈ.ஆர்.வி. அதை அரை லிட்டராக்கும். அந்த அரை லிட்டரை ஏ.சி.தான் எடுக்க வேண்டும். ஈ.ஆர்.வி. தானாக ஈரத்தை உறிஞ்சும் சாதனம் அல்ல. இங்கே தேவைக்கு மேல் காற்று ஓட்டினால் வீடு வறளாது, நனையும்.

உறைபனி இடத்தில் வேறு கணக்கு. வெளியே பூஜ்ஜியத்துக்குச் சில டிகிரி கீழே போனால் வெப்பமாற்றிக்குள் சேரும் நீர் உறைய ஆரம்பிக்கும். சில மெஷின்கள் உள்ளே வரும் ஃபேனை மட்டும் மெதுவாக்கி உருக்குகின்றன. அப்போது வீட்டுக்குள் அழுத்தம் குறையும். விறகடுப்போ புகைபோக்கி வைத்த கொதிகலனோ உள்ள வீட்டில் புகை உள்ளே திரும்பும் ஆபத்து இது. அங்கே வெளிக்காற்றை மெஷினுக்குள் போகும் முன்பே சூடாக்கும் முன்சூடாக்கி உள்ள மாடல்தான் வேண்டும். அதன் அளவு, மைனஸ் 15-லிருந்து மைனஸ் 3 வரை 130 கன மீட்டரைச் சூடாக்க 530 வாட், பூஸ்ட்டில் 735 வாட். 500 வாட் முன்சூடாக்கி வைத்த மெஷின் இந்தக் குளிரில் பின்வாங்கும்.

பொருத்தும்போது கெடுபவை

வெப்பமாற்றியில் சேரும் நீர் வடியும் குழாய்க்கு இறக்கம் வேண்டும், வளைவில் நீர் நிற்கவும் வேண்டும். 100 பாஸ்கல் உறிஞ்சல் 10 மி.மீ. நீரை இழுக்கும் என்பதால் வளைவில் 60 மி.மீ. நீர் நின்றால் நிம்மதி. கோடையில் அது வறண்டு போகும். மெஷின் பக்கம் கொடகொடவென்று சத்தமும் சாக்கடை வாடையும் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வறண்டாலும் மூடிக்கொள்ளும் நீரில்லாத வகை அடைப்பானைப் போட்டால் தொல்லை இல்லை.

வெளிக்காற்று வரும் குழாயும் வெளியே போகும் குழாயும் சூடான வீட்டுக்குள் ஓடும் தூரத்தைக் குறைக்க வேண்டும். நீராவி புகாத இன்சுலேஷனும் அவற்றுக்கு வேண்டும். இல்லையென்றால் குழாயின் மேலே வியர்த்து, கீழேயுள்ள கூரையில் பழுப்பு வட்டம் விழும்.

ஃபில்டரில், வெளிக்காற்றுப் பக்கம் பழைய பெயரில் எஃப்7 (நுண்தூசி பிடிப்பது), வெளியேற்றும் பக்கம் ஜி4 (பருந்தூசி பிடிப்பது) என்பது வழக்கமான ஜோடி. எஃப்7 முதலில் அடைக்கும். காற்றளவைத் தானே காக்கும் ஃபேன் இருந்தால் சத்தமும் கரண்டும் கூடும். அந்த வசதி இல்லாத ஃபேனில் உள்ளே வரும் காற்று மட்டும் சத்தமில்லாமல் குறைந்து, இரண்டு பக்கச் சமநிலை கெடும். தூசி அதிகமான இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

கடைசிப் பணத்தைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு வால்வையும் கூம்பு வைத்த காற்றுமானியால் அளக்கச் சொல்லுங்கள். அன்றாட வேகத்தில் பெரிய படுக்கையறையில் 40, சமையலறையில் 43, குளியலறைகளில் 29 என்று திட்ட எண்ணும், அதன் பக்கத்தில் அளந்த எண்ணும் இருக்கும் தாளில் கையெழுத்து வாங்குங்கள். மொத்த உள்வரவும் வெளியேற்றமும் 10 சதவீதத்துக்குள் பொருந்த வேண்டும். பிறகு வால்வுகளின் திறப்பை அப்படியே பூட்டி, ஒவ்வொன்றின் மேலும் அறையின் பெயரை எழுதி வையுங்கள். சுத்தம் செய்யக் கழற்றும்போது குளியலறை வால்வை மாற்றிப் படுக்கையறையில் மாட்டினால் மேலே போட்ட கணக்கு முழுவதும் கலைந்துவிடும்.